குர்சுராவுக்குள் கைவீசி நுழையுங்கள்

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்க, வாரநாளில் திறந்தவுடன், முதுகுப்பையைத் தங்கும் அறையிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். உங்களுக்கு முன்னால் போகும் கூட்டம் சற்று விலகிய பின் உள்ளே நுழையுங்கள்.

1969 முதல் 2001 வரை கடற்படையில் பணியாற்றிய இக்கப்பல் ஏறத்தாழ 91 மீட்டர் நீளமுடையது என்றாலும், உள்ளே நடக்கக் கிடைப்பது ஓர் ஆள் செல்லும் அகலமே. அறைகளுக்கிடையே உள்ள வட்டத் திறப்புகளில் குனிந்து காலை உயர்த்தித்தான் கடக்க வேண்டும். பாதை ஒருவழியாதலால் முன்னால் ஒருவர் படமெடுக்க நின்றாலும் பின்வரிசை முழுவதும் நின்றுவிடும், பின்னாலிருப்பவர்களோ உங்களைத் தள்ளிக்கொண்டே வருவார்கள். இடைவெளி விட்டு நுழைந்தால்தான் டார்பிடோ எனும் நீரடி ஏவுகணைகளைச் செலுத்தும் குழாய்களையும், அடுக்குப் படுக்கைகளையும், கைக்குட்டை அளவேயான சமையலறையையும் நிதானமாகப் பார்க்க முடியும்.

திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிறன்றும் பண்டிகை நாட்களிலும் இந்த உத்தி அவ்வளவாகப் பலிக்காது. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் அடைபட்ட இடத்தில் மூச்சுத்திணறுபவர்களுக்கும் உள்ளே செல்வதே உகந்ததன்று. அவர்கள் சாலையின் எதிர்ப்புறமுள்ள டி.யு.-142 விமான அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.