போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டா முதல் 24 மணி நேரம் வீட்ல இருக்கிறவங்க என்ன பண்ணணும்

எழுதுறவங்க, யூட்யூப்ல பேசுறவங்க, போராட்டத்துக்குப் போறவங்க, இவங்க வீட்ல இருக்கிறவங்களுக்குத்தான் இது. கைதானவரால ஒன்னும் பண்ண முடியாது, அவர் போன் போலீஸ் கைல இருக்கும். "சும்மா ரெண்டு கேள்வி கேட்டுட்டு அனுப்பிடுறோம்மா"ன்னு மஃப்டில வந்தவங்க கூட்டிட்டுப் போனா மொதல்ல மணியப் பாத்து எழுதி வைங்க. எந்த இடம், வண்டி நம்பர், வந்தவங்க பேர் எல்லாமே. பக்கத்துக் கடை சிசிடிவில பதிவாயிருந்தா அன்னிக்கே காப்பி வாங்குங்க, அப்புறம் அழிஞ்சிடும். அரசியலமைப்பு 22வது பிரிவுப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தியாகணும். அதனாலயே கைது நேரத்த தள்ளிப் போட்டு எழுதுறது பழைய வித்தை, அதுக்கு எதிரா உங்க கைல இருக்கிற ஒரே சாட்சி நீங்க குறிச்சு வச்ச நேரம்தான்.

அடுத்தது மெயில். முன்னாடியெல்லாம் தந்தி அடிப்பாங்க, அது 2013லயே போயிடுச்சு. கமிஷனர் இல்லன்னா எஸ்பி, டிஜிபி, மாநில மனித உரிமை ஆணையம், எல்லாருக்கும் ஒரே மெயில். இன்னார இத்தனை மணிக்கு இங்கருந்து கூட்டிட்டுப் போனாங்க, எங்க வச்சிருக்காங்கன்னு சொல்லலன்னு நாலு வரி போதும், வீர வசனமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். வக்கீல் கிடைக்கலன்னா 15100, அது இலவச சட்ட உதவி நம்பர்.

வக்கீல்னதும் சொல்லிடுறேன், வக்காலத்துல (நமக்காக ஆஜராக வக்கீலுக்கு எழுதிக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) கைதாக வாய்ப்பிருக்கிறவர்கிட்ட முன்கூட்டியே கையெழுத்து வாங்கி உங்க வக்கீல்கிட்ட குடுத்து வைக்கிறது நல்லது, லாக்கப்புக்குள்ள போய் கையெழுத்து வாங்குறதுக்குள்ள பாதி நாள் போயிடும். போலீஸ் விசாரணை நடக்கும்போது வக்கீல சந்திக்கிற உரிமை பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 38வது பிரிவுல இருக்கு (முழு நேரமும் கூட உக்கார முடியாது).

இப்ப முக்கியமான பேப்பர், ஏன் கைது பண்ணாங்கங்கிற காரணம், எழுத்துல. நியூஸ்கிளிக்ங்கிற செய்தி இணையதளத்தோட ஆசிரியர் பிரபீர் புர்கயஸ்தாவ 2023 அக்டோபர் 3ல யுஏபிஏல (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) கைது பண்ணி, மறுநாள் விடியக்காலைல நீதிபதி வீட்டுக்கே கொண்டு போய் நிறுத்திட்டாங்க, அவரோட வக்கீலுக்கு முன்கூட்டியே தகவல் கூட இல்ல. காரணத்த எழுத்துல குடுக்கலங்கிறதுக்காகவே 2024 மே 15ல சுப்ரீம் கோர்ட் அந்தக் கைதே செல்லாதுன்னு சொல்லிச்சு. 2025 நவம்பர்ல இன்னொரு தீர்ப்புல, எந்தக் கேஸா இருந்தாலும் கைதானவருக்குப் புரியுற மொழில, கடைசி பட்சம் ரிமாண்டுக்கு (காவல்ல வைக்கச் சொல்லி மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துறது) ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது எழுத்துல குடுத்தாகணும்னு சொல்லிட்டாங்க. அதனால கோர்ட் திறக்கட்டும்னு காத்திருக்காதீங்க, ராத்திரியே மேஜிஸ்ட்ரேட் வீட்டு வாசல்ல ஒரு வக்கீல் நிக்கணும்.

என்னக் கேட்டா சண்டையே ரிமாண்ட்லதான். பல ஊர்ல மேஜிஸ்ட்ரேட் சும்மா கையெழுத்து போட்டு 15 நாள் உள்ள அனுப்பிடுறாங்க, ஆனா எதிர்த்துப் பேச ஆள் இருந்தா கதையே மாறும். 2018 அக்டோபர் 9ல நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் கோபால சென்னை ஏர்போர்ட்ல பிடிச்சு, கவர்னர் மாளிகை புகார்ல பழைய இபிகோ 124வது பிரிவுல (கவர்னர் வேலையத் தடுக்கிற நோக்கத்துல தாக்குறது) கொண்டு வந்தாங்க. எழும்பூர் மேஜிஸ்ட்ரேட் முன்னாடி வக்கீல்களோட இந்து பத்திரிகையோட என்.ராமும் பத்திரிகையாளர்கள் சார்பா நின்னு பேசினாரு, ரிமாண்ட் பண்ண மாட்டேன்னு மேஜிஸ்ட்ரேட் சொல்லிட்டாரு, அன்னிக்கே வெளிய. அடிச்சிருந்தா, மாத்திரை குடுக்கலன்னா அதையும் அங்கயே வாயத் திறந்து சொல்லணும், பக்கத்துல போலீஸ் நிக்குதேன்னு பயந்து விட்டா பின்னாடி "அப்பவே ஏன் சொல்லல"ன்னு கேப்பாங்க.

குண்டாஸ்னா (குண்டர் தடுப்புச் சட்டம், கேஸ் நடத்தாமலே தடுப்புக் காவல்ல வைக்கிறது) ரூட்டே வேற. அதுல ஜாமீன்ங்கிற பேச்சே கிடையாது, 12 மாசம் வரைக்கும் வச்சிருக்கலாம், பெரும்பாலும் ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு (காவல்ல வச்சது சட்டப்படி சரியான்னு கேக்கிற மனு) போட்டுத்தான் உடைக்கணும். 2017ல மே 17 இயக்கத்து திருமுருகன் காந்தி, 2024ல யூட்யூபர் சவுக்கு சங்கர், வேற வேற ஆட்சி, ஆனா ரெண்டு பேர் மேலயும் அதே சட்டம், ரெண்டு உத்தரவையும் ஹைகோர்ட் ரத்து பண்ணிச்சு. ஏன் காவல்ல வச்சாங்கங்கிற காரணமும் ஆவணங்களும் சேத்து 5 நாளுக்குள்ள ஒரு புக்லெட் குடுப்பாங்க, அத பக்கம் பக்கமா பாருங்க, படிக்க முடியாத ஜெராக்ஸ், தமிழ்ல மொழிபெயர்க்காத பக்கம் இருந்தாலே உத்தரவு உடைஞ்ச கேஸ் நிறைய இருக்கு. அரசுக்கு உடனே ஒரு மனு அனுப்பி வைங்க, அதுக்கு பதில் சொல்ல அவங்க இழுத்தடிச்சா அதுவும் ரத்து பண்ண ஒரு காரணம்.

ஜாமீன் கிடைச்சாச்சுன்னு ஸ்வீட் வாங்கிடாதீங்க. கேரளப் பத்திரிகையாளர் சித்திக் கப்பன் யூபில இருக்கிற ஹத்ராஸ் போற வழில 2020 அக்டோபர்ல கைதானாரு, 2022 செப்டம்பர் 9ல சுப்ரீம் கோர்ட் ஜாமீன் குடுத்துச்சு, ஆனா அமலாக்கத்துறை கேஸ் ஒன்னு தனியா இருந்ததால 2023 பிப்ரவரி 2லதான் வெளிய வந்தாரு. கேரளாக்காரருக்கு யூபில ஜாமீன்தாரர் கிடைக்கவே கஷ்டம், லக்னோ பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் ரூப் ரேகா வர்மா தானா முன்வந்து நின்னாங்க. நம்ம ஊர்லயும் ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும்னு கோர்ட் கேக்கிறது உண்டு, அதனால ஆளயும் ஆதார், சொத்து வரி ரசீதையும் முன்னாடியே ரெடி பண்ணுங்க.

கடைசியா, காலண்டர்ல முதல் ரிமாண்ட் தேதிலருந்து எண்ணுங்க. கேஸப் பொறுத்து 60 இல்லன்னா 90 நாள், யுஏபிஏன்னா கோர்ட் நீட்டிச்சா 180 வரைக்கும், அதுக்குள்ள சார்ஜ்ஷீட் (குற்றப்பத்திரிகை) வரலன்னா ஜாமீன் உரிமையா கிடைக்கும். ஆனா தானா கிடைக்காது, கெடு முடிஞ்ச மறுநாள் காலைலயே மனு போடணும், நீங்க போடுறதுக்கு முன்னாடி சார்ஜ்ஷீட் உள்ள போயிட்டா அந்த உரிமை போச்சு.