ஹோட்டல் பிளான்ட் ரூமில் வாட்டர் சோர்ஸ் ஹீட் பம்ப்: பொருத்துவதும் பராமரிப்பதும்

மொட்டை மாடியில் கூலிங் டவர் கட்டடத்தின் சூட்டைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் கீழே பாய்லர் டீசல் எரித்து, அறைகளின் குளியலுக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருக்கும். சென்னை, மதுரை, கோவையில் சென்ட்ரல் ஏசி உள்ள பல ஹோட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் இதுதான் நிலைமை. வாட்டர் சோர்ஸ் ஹீட் பம்ப் இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகச் சேர்க்கிறது. ஏசிக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குத் திரும்பும் 12 டிகிரி தண்ணீரிலிருந்து சூட்டை உறிஞ்சி 60 டிகிரிக்கு மேல் வெந்நீர் தரும். உறிஞ்சிய அளவுக்குச் சில்லரின் சுமையும் குறையும்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு இது ஒத்துவராது. அங்கே சில்லரும் கிடையாது, உறிஞ்சச் சூடும் கிடையாது. ஆண்டு முழுக்க ஏசி ஓடும் கட்டடத்துக்குத்தான் இது பொருந்தும்.

முதலில் கணக்கு

80 அறை ஹோட்டலில் ஒரு நாளைக்கு 12,000 லிட்டர் வெந்நீர் செலவு என்று வைத்துக்கொள்வோம். 28 டிகிரி தண்ணீரை 55 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 யூனிட் வேண்டும், எனவே 12 கன மீட்டர் × 27 டிகிரி × 1.163 = சுமார் 377 யூனிட் வெப்பம். பெரும்பாலானவர்கள் இத்தோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். வெந்நீர் குழாய்களில் இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருக்கும் ரிட்டர்ன் லைனை மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 1 கன மீட்டர் சுற்றி 5 டிகிரி இறங்கித் திரும்பினால் இழப்பு 5.8 கிலோவாட். 24 மணி நேரத்துக்கு அது 140 யூனிட். இதையும் சேர்த்தால் மொத்தம் 517. ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓட்டுவதாக இருந்தால் 37 கிலோவாட் வேண்டும், ஆகவே 40 கிலோவாட் மெஷின் எடுக்கலாம். அதைவிடப் பெரியது வேண்டாம். பெரிய மெஷின் அடிக்கடி நின்று நின்று ஓடும், கம்ப்ரசர் அதில்தான் தேயும்.

60 டிகிரிக்கு மேல் வெந்நீர் எடுக்க ஆர்-134ஏ போன்ற குளிரூட்டும் கேஸ் உள்ள மெஷின் தேவை. ஆர்-410ஏ மெஷின்களுக்கு அந்தச் சூட்டில் பிரஷர் மிகவும் ஏறிவிடும். இந்த வேலை நிலையில் வெந்நீர்ப் பக்க சி.ஓ.பி. (மின்சாரத்தைப் போல எத்தனை மடங்கு வெப்பம் என்ற அளவு) ஏறக்குறைய 3 கிடைக்கும். அதாவது 13 கிலோவாட் மின்சாரம் உள்ளே போய், 27 கிலோவாட் குளிர்ச்சியும் 40 கிலோவாட் வெப்பமும் வெளியே வரும். 27 கிலோவாட் என்றால் 7.7 டன் ஏசி.

டேங்க் அளவைக் காலை நேரம்தான் தீர்மானிக்கிறது. ஆறு மணியிலிருந்து ஒன்பதுக்குள் பாதித் தண்ணீர், 6,000 லிட்டர், போய்விடும் என்று கொள்ளுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் ரிட்டர்ன் லைன் இழப்பு போக மெஷின் சுமார் 3,270 லிட்டர் தயாரிக்கும். மீதி 2,730 லிட்டர் டேங்கில் தயாராக இருக்க வேண்டும். டேங்கின் முழுக் கொள்ளளவும் சூடாகக் கையில் வராது, 70 சதவீதம் என்று வைத்தால் 3,900 லிட்டர். 2,000 லிட்டர் டேங்க் இரண்டைத் தொடராக வைப்பது ஒரே பெரிய டேங்கைவிட நல்லது. ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும்.

சில்டு வாட்டர் பக்கம்

மெஷினில் சூட்டை உறிஞ்சும் பகுதியான எவாப்பரேட்டருக்கு 5 டிகிரி வித்தியாசத்தில் மணிக்கு 4.6 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். 40 மி.மீ. குழாய் போதும். இதற்குத் தனி பம்ப் வையுங்கள், மெயின் பம்பின் பிரஷரை நம்பி இணைக்காதீர்கள். தண்ணீர் எடுக்கும் டீயும் (கிளைக் குழாய் இணைப்பு) திரும்ப விடும் டீயும், சில்லருக்குத் தண்ணீர் திரும்பும் பெரிய குழாயான ரிட்டர்ன் ஹெட்டரிலேயே அருகருகே வரட்டும், இடையில் வால்வு வேண்டாம். தண்ணீர் ஓடும் திசையில் எடுக்கும் டீ முதலில், விடும் டீ அதற்கு அடுத்து. வெல்டர் இதை மாற்றிப் போட்டுவிட்டால், மெஷின் தான் குளிர்வித்த தண்ணீரையே மறுபடி உறிஞ்சும். 12 டிகிரி இருக்க வேண்டிய இன்லெட் 9, 8 என்று இறங்கும். எல்.பி. ட்ரிப் ஆகும் (கேஸின் குறைந்த பக்கப் பிரஷர் மிகவும் இறங்கி மெஷின் தானாக நிற்கும்), காரணம் தேடி எல்லாரும் கேஸைச் சந்தேகிப்பார்கள்.

ஹெட்டரில் மணிக்கு 60 கன மீட்டர் ஓடினால் ஹீட் பம்ப்பால் அதன் சூடு 0.4 டிகிரி மட்டும் குறையும், சில்லருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் ஹெட்டரில் ஓட்டமே இல்லாத நேரம் ஆபத்தானது. சில்லர் பம்ப் நின்ற பிறகும் ஹீட் பம்ப் ஓடினால், அந்தச் சின்ன வளையத்துக்குள் இருக்கும் தண்ணீர் நிமிடங்களில் உறைநிலையை நெருங்கும். எவாப்பரேட்டரின் தகடுகளுக்குள் ஐஸ் பிடித்து ஒரு தகடு வெடித்தால் தண்ணீர் கேஸ் பக்கம் புகும், அத்தோடு கம்ப்ரசர் போயிற்று. எனவே மூன்று பாதுகாப்பு கட்டாயம்: மெயின் பம்ப் ஓடினால்தான் ஸ்டார்ட் ஆகும்படி இன்டர்லாக், எவாப்பரேட்டரில் ஃப்ளோ சுவிட்ச், அவுட்லெட் 4 டிகிரிக்கு இறங்கினால் நிறுத்தும் ஆன்டி-ஃப்ரீஸ் கட்-அவுட். கம்ப்ரசர் நின்ற பின்னும் பம்ப் இரண்டு மூன்று நிமிடம் ஓடட்டும். ட்ரயல் சமயத்தில் யாரோ ஃப்ளோ சுவிட்சைப் பைபாஸ் செய்து, அந்தச் சிறு ஒயரை எடுக்க மறந்துவிடுவது வழக்கமான கதை. பேனலை மூடும் முன் அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இன்லெட்டில் ஸ்ட்ரெய்னர், துளை 1 மி.மீ.க்கு மிகாமல். மெஷினுக்குள் இருக்கும் பிரேஸ்டு பிளேட்டின் (நிரந்தரமாகப் பற்றவைத்த தகடு அடுக்கு) இடைவெளி அவ்வளவு குறுகலானது. குழாய் முழுவதும் நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன், இணைப்புகளில் காற்றுப் புகாதபடி டேப். இல்லாவிட்டால் வியர்வை சொட்டிப் பேனலில் விழும்.

வெந்நீர்ப் பக்கம்

பழுதுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. போர் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ நேராக மெஷினின் பிரேஸ்டு பிளேட்டுக்குள் விடக் கூடாது. 60 டிகிரியில் சுண்ணாம்பு வேகமாகப் படியும், பிரேஸ்டு பிளேட்டைத் திறந்து தேய்க்கவும் முடியாது. மெஷினுக்கும் டேங்குக்கும் நடுவே கேஸ்கெட் போட்ட பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒன்று வையுங்கள். மெஷின் பக்கம் மூடிய வளையம்: மணிக்கு 6.9 கன மீட்டர், 50 மி.மீ. குழாய், எக்ஸ்பான்ஷன் டேங்க், சேஃப்டி வால்வு, உச்சியில் ஏர் வென்ட். சுண்ணாம்பு படிந்தாலும் திறந்து கழுவக்கூடிய பிளேட்டில்தான் படியும். இதற்கு விலையாக மூன்று டிகிரி போகும், மெஷின் அவுட்லெட்டை 64 டிகிரிக்கு வைக்க வேண்டிவரும். அந்த இழப்பைத் தயங்காமல் ஏற்கலாம். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னரும் வேண்டும். ஆனால் சாஃப்ட்னர் குளோரைடைக் குறைக்காது. போர் தண்ணீரில் குளோரைடு அதிகம் என்றால் தண்ணீர் ரிப்போர்ட்டைக் காட்டி, பிளேட்டின் உலோகம் தாங்குமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

டேங்க் இணைப்பில் ஒரு நுணுக்கம். பச்சைத் தண்ணீர் அடியில் நுழையட்டும், வெந்நீர் உச்சியில் வெளியேறட்டும், சூடாக்க எடுப்பது அடியிலிருந்து. அறைகளிலிருந்து திரும்பும் 50 டிகிரி ரிட்டர்ன் லைனை மட்டும் அடியில் கொண்டுவந்து சேர்க்காதீர்கள், நடுவில் சேருங்கள். அடியில் சேர்த்தால் மேலே சூடு, கீழே குளிர் என்ற அடுக்கு கலைந்துவிடும். மெஷினுக்கு எப்போதும் 50 டிகிரித் தண்ணீரே வரும், சி.ஓ.பி. விழும், எச்.பி. ட்ரிப் (கேஸின் உயர் பக்கப் பிரஷர் மிகவும் ஏறி மெஷின் நிற்பது) தினசரி நிகழ்ச்சியாகிவிடும். இரண்டு டேங்க் தொடரில் இருந்தால் ரிட்டர்ன் லைன் இரண்டாவது, அதாவது சூடான டேங்குக்குப் போக வேண்டும்.

ஸ்டார்ட் கட்டளை தரும் சென்சார் டேங்கின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், தெர்மோவெல்லுக்குள் (சென்சார் செருகும் சிறு குழல்) பேஸ்ட் தடவி. 50-ல் ஸ்டார்ட், 58-ல் ஸ்டாப் என்று தொடங்கலாம். உச்சியில் 60 டிகிரியும் திரும்பி வரும் லைனில் 50 டிகிரிக்குக் குறையாமலும் காட்ட வேண்டும். 20 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா கிருமி வளரும் சூடு. மின்சாரம் மிச்சம் என்று டேங்கை 45-ல் வைப்பது, மருத்துவமனையில் மட்டுமல்ல, எங்குமே கூடாது. மெஷின் ரிப்பேரில் இருக்கும் நாளுக்காக டேங்கில் மின் ஹீட்டர் ஒன்று இருக்கட்டும்.

முதல் ஓட்டம்

குழாய் கழுவும்போதும் ஹைட்ரோ டெஸ்ட்டின்போதும் மெஷினைப் பைபாஸில் பிரித்து வையுங்கள். வெல்டிங் கசடு உள்ளே போனால் வெளியே எடுக்க வழியில்லை. ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழற்றிக் கழுவி, வெள்ளை பக்கெட்டில் பிடித்த தண்ணீர் தெளியும்வரை தொடருங்கள்.

ஸ்டார்ட்டுக்கு 24 மணி நேரம் முன்பே மின்சாரம் கொடுத்து, கம்ப்ரசர் எண்ணெயைச் சூடாக்கும் கிராங்க்கேஸ் ஹீட்டரை ஓடவிடுங்கள். ஸ்க்ரோல் கம்ப்ரசர் என்றால் பேஸ் வரிசை பார்க்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வரும், இரண்டு பிரஷரும் நகராது. உடனே நிறுத்தி இரண்டு பேஸை மாற்றுங்கள்.

ஃப்ளோ மீட்டர் இல்லாவிட்டாலும் ஓட்டத்தை அளக்கலாம். பிளேட்டின் உள்ளே போகும், வெளியே வரும் இரு புள்ளிகளிலிருந்தும் சின்ன வால்வுடன் குழாய் இழுத்து ஒரே கேஜில் சேருங்கள். ஒன்றைத் திறந்து படிக்கவும், மூடி மற்றதைத் திறந்து படிக்கவும். இரண்டு கேஜ் வைத்தால் இரண்டின் பிழையும் கணக்கில் ஏறும். ஒரே கேஜில் பிழை கழிந்துவிடும். கிடைத்த வித்தியாசத்தை மெஷினோடு வந்த சார்ட்டில் பார்த்தால் ஓட்டம் தெரியும்.

அரை மணி நேரம் ஓடியபின் எழுதி வைக்க வேண்டியவை: நான்கு தண்ணீர் வெப்பநிலைகள், இரண்டு பிரஷர்கள், சூப்பர்ஹீட் (ஆவியான கேஸ் கொதிநிலைக்கு மேல் எத்தனை டிகிரி), சப்கூலிங் (திரவமான கேஸ் திரவமாகும் நிலைக்குக் கீழே எத்தனை டிகிரி), ஆம்பியர், பிளேட் எக்ஸ்சேஞ்சரில் இரு பக்க வெப்பநிலை வித்தியாசம். எவாப்பரேட்டரில் 12 உள்ளே, 7 வெளியே என்றால் ஆர்-134ஏ மெஷினில் எல்.பி. கேஜ் சுமார் 2.4 பார் காட்டும். சூப்பர்ஹீட் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். இந்தத் தாளை லேமினேட் செய்து பேனல் கதவுக்குள் ஒட்டுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு புகாருக்கும் இதனோடு ஒப்பிட்டுத்தான் பதில் கிடைக்கும்.

பழுது பார்க்கும் வரிசை

மெக்கானிக் வந்ததும் கேஸ் போடத் தொடங்கினால் தடுத்து நிறுத்துங்கள். முதலில் தண்ணீர், பிறகுதான் கேஸ்.

எல்.பி. ட்ரிப்: ஸ்ட்ரெய்னர், பம்ப், ஹெட்டர் ஓட்டம், இன்லெட் வெப்பநிலை என்ற வரிசையில் பாருங்கள். எல்.பி. குறைவு, சூப்பர்ஹீட்டும் குறைவு என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை, அல்லது பிளேட் அழுக்கு. எல்.பி. குறைவு, சூப்பர்ஹீட் அதிகம், சப்கூலிங் குறைவு என்றால் கேஸ் கசிவு. கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பின், மெஷின் பெயர்ப்பலகையில் உள்ள எடையைத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றினால் அடுத்தது எச்.பி. ட்ரிப்தான்.

எச்.பி. ட்ரிப்: மூடிய வளையத்தில் காற்று இருக்கிறதா, பம்ப் சரியாக ஓடுகிறதா, பிளேட்டில் சுண்ணாம்பு படிந்ததா, ரிட்டர்ன் லைன் தவறான இடத்தில் சேர்ந்து டேங்க் அடி ஏற்கெனவே சூடாக இருக்கிறதா. சென்சார் தெர்மோவெல்லை விட்டு நழுவித் தொங்கினாலும் இதே ட்ரிப் வரும்.

அடிக்கடி ஸ்டார்ட்: மணிக்கு 6-க்கு மேல் போனால் செட்பாயின்ட் இடைவெளி குறைவு, அல்லது சென்சார் உயரம் தவறு.

பராமரிப்பு

தினமும் லாக் ஷீட்டில் ஷிஃப்டுக்கு ஒருமுறை ரீடிங். மாதம் ஒருமுறை ஸ்ட்ரெய்னர். புதுக் குழாய் என்றால் முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை. சாஃப்ட்னர் வெளியே விடும் தண்ணீரின் ஹார்ட்னஸைக் கிட் வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள். உப்பு தீர்ந்தது அப்போதுதான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேனல் டெர்மினல்களை முறுக்கி, ஃப்ளோ சுவிட்சை உண்மையாகவே சோதியுங்கள்: வால்வை மெல்ல மூடினால் மெஷின் நிற்க வேண்டும்.

பிளேட் எக்ஸ்சேஞ்சரின் வெப்பநிலை வித்தியாசம் 3-லிருந்து 6 டிகிரிக்குப் போனால் கழுவும் நேரம். 5 சதவீத சிட்ரிக் ஆசிட் கரைசலை வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் சின்ன பம்ப் மூலம் சுற்றவிடுங்கள். நுரை நிற்கும்வரை சுற்றியபின் சோடியம் பைகார்பனேட் கரைசலால் சமன்செய்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பக்கமே போகாதீர்கள், ஸ்டெயின்லெஸ் தகட்டை அது துளைத்துவிடும். தகடுகளைப் பிரித்தால், இறுக்கிய அளவை முன்பே டேப் வைத்து அளந்து எழுதி, திரும்ப அதே அளவுக்கே முறுக்க வேண்டும். மேலும் இறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கும்.

ஸ்டோரில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு ஃப்ளோ சுவிட்ச், இரண்டு சென்சார், ஒரு செட் கேஸ்கெட், பம்புக்கு ஒரு மெக்கானிக்கல் சீல், ஸ்ட்ரெய்னருக்கு ஒரு மாற்று வலை.