நாளுக்கொரு பதிவு, ஆனால் ஓடர் இல்லை: தனியாளாய்த் தொழில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உவர்மலையில் வீட்டிலிருந்தே சாறி பிளவுஸ் தைப்பவர், கிண்ணியாவில் எருமைத் தயிர் விற்பவர், உப்புவெளியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுபவர் என்று திருமலையில் (திருகோணமலையில்) எத்தனையோ பேர் ஒற்றை ஆளாய்த் தொழில் நடத்துகிறார்கள். அளவெடுப்பதும் தைப்பதும் காசு வாங்குவதும் ஒருவரே. விளம்பரத்துக்கென்று மிஞ்சுவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான அரை மணி நேரம். அந்த அரை மணியைத் தின்றுவிடும் தவறுகள் சில இருக்கின்றன.

எதையாவது தினமும் போட்டாக வேண்டும் என்ற எண்ணம் முதலாவது. காலை வணக்கம், போயா தின வாழ்த்து, எங்கிருந்தோ எடுத்த பொன்மொழி. நாலு பேர் லைக் போட்டுவிட்டுப் போவார்கள், ஓடர் வராது. என்ன போடுவது என்று தெரியாதபோதுதான் கை வாழ்த்துப் படத்துக்குப் போகிறது. போட வேண்டியது ஏற்கெனவே உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. கடைசியாக வந்த 30 உரையாடல்களைத் திறந்து, வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே ஒரு கொப்பியில் எழுதுங்கள். "எத்தனை நாளில தருவீங்கள்?", "துணி நாங்கள் வாங்கித் தரோணுமோ?", "மூதூருக்கு அனுப்புவீங்களோ?" திரும்பத் திரும்ப ஒரே எட்டுப் பத்துக் கேள்விகள்தான் வரும். ஒவ்வொன்றும் ஒரு பதிவு.

பதிலில் கைத்தொழிலின் விவரம் இருக்க வேண்டும். "தரமான தையல், நியாயமான விலை" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அதில் வாடிக்கையாளருக்கு ஒரு தகவலும் இல்லை. மாறாக, சாறியோடு வரும் பிளவுஸ் துண்டு பெரும்பாலும் 80 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கும், முழங்கை வரை கை வைக்க நினைத்தால் அது போதாமல் போகலாம், ஆகவே சாறி வாங்கும்போதே துண்டை அளந்து பாருங்கள் என்று எழுதினால், அதைப் படித்தவர் உங்களை நினைவில் வைத்திருப்பார். எழுதிய பதிலை வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியின் விரைவுப் பதில்களிலும் சேமியுங்கள். ஐம்பது வரை சேமிக்கலாம், சாய்கோடு தட்டினால் பட்டியல் வரும். ஒருமுறை எழுதியது பதிவாகவும் பதிலாகவும் உழைக்கும்.

அடுத்தது "விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ". தையல் இயந்திரத்தின் முன் இருப்பவரால் இன்பொக்ஸைப் பார்க்க முடியாது. இரவு பதில் அனுப்பும்போது கேட்டவர் வேறு ஆளிடம் துணியைக் கொடுத்திருப்பார். விலை ஆளுக்கு ஆள் மாறுமென்றால் தொடக்க விலையைப் போட்டு, லைனிங், கைவேலை, அவசரம் என்று எது சேர்ந்தால் கூடும் என்பதையும் எழுதுங்கள்.

எங்கள் ஊர்களில் அதிகம் காணும், அதிகம் பேசப்படாத தவறு எழுத்துருவில் இருக்கிறது. அச்சகத்தில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அமைத்த துண்டுப் பிரசுரத்தின் வாசகத்தை அப்படியே எடுத்து பேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமே தெரியும். ஏனென்றால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறது, அந்த எழுத்துரு இல்லாத திரையில் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். இதைத் தவிர்க்கப் பலர் வாசகம் முழுவதையும் படமாக்கிப் போடுகிறார்கள். அப்போது தேடுபவருக்கு அது அகப்படுவது அரிது, தொலைபேசி இலக்கத்தைத் தட்டி அழைக்கவும் முடியாது. கைபேசியில் யூனிகோட் விசைப்பலகையில் நேரடியாக எழுதுங்கள், பழைய வாசகத்தை எழுத்துரு மாற்றிச் செயலி மூலம் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இலக்கமும் இடமும் படத்துக்கு வெளியே எழுத்தாக இருக்கட்டும்.

மூன்று மொழிகளையும் ஒரே பதிவில் அடுக்குவதும் பயன் தராது. இன்ஸ்டகிராமில் ஏறக்குறைய முதல் 125 எழுத்துகள்தான் முகப்பில் தெரியும், மற்றவை மடிந்துவிடும். தயிருக்கும் தையலுக்கும் தமிழை முதலில் வையுங்கள். அறைக்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தனித்தனிப் பதிவு போடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அந்த மொழி தெரிந்த ஒருவர் வாசித்த பிறகே வெளியிடுங்கள்.

அறை விடுபவர்களுக்குப் பருவம்தான் எல்லாம். கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், ஆண்டின் கடைசி மாதங்களில் வடகீழ்ப் பருவமழை. மே மாதத்தில் பதிவு போடத் தொடங்குபவர் பிந்திவிட்டார், பயணிகள் அதற்கு முன்பே இடம் தேடியிருப்பார்கள். பெப்ரவரி, மார்ச்சில் பதிவுகள் வெளியே போக வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் நல்ல கடல் படம் கிடைக்குமென்று நம்பியிருக்க முடியாது. ஆகவே ஓகஸ்டில் எடுக்கும் படங்கள்தான் அடுத்த ஆண்டுக்கான மூலதனம். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகள் கிழக்கு நோக்கியவை. பிற்பகலில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்போது கடலின் நிறம் நன்றாக வரும், காலையில் கடலை நோக்கி எடுத்தால் ஆட்கள் நிழலுருவாகத் தெரிவார்கள். கடலில் சூரியன் மறையும் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடுபவர்களும் உண்டு. உப்புவெளிக் கடற்கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை. ஊர் தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார், ஊர் தெரியாதவர் வந்து ஏமாறுவார்.

புறாமலைத் தீவுக்குப் படகு ஓட்டுபவர்கள் பவளப்பாறை மேல் பயணி நிற்கும் படத்தைப் போடவே கூடாது. அது தேசிய பூங்கா, பாறையை மிதிப்பது குற்றம், மிதித்த பவளம் மீள வளரப் பல ஆண்டுகள் எடுக்கும். அதே படகில் கால் எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் அரை நிமிட வீடியோ போடுங்கள், பொறுப்பான பயணி அப்படிப்பட்டவரைத்தான் தேடுகிறார்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும், பேஸ்புக் பதிவு சில நாட்களில் அமிழ்ந்துவிடும். நிலைத்து நிற்பது கூகுள் மேப்ஸில் உள்ள உங்கள் தொழிற்பக்கம். இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் முகவரியை மறைத்து, சேவை தரும் இடங்களை மட்டும் காட்டலாம். இங்கே நடக்கும் பிழை, பெயரோடு "திருகோணமலையின் சிறந்த மலிவான" என்று ஒட்டுவது. பலகையில் உள்ள பெயரை மட்டுமே கூகுள் ஏற்கிறது, மீறினால் பக்கம் முடக்கப்படலாம். விமர்சனம் எழுதினால் விலைக்கழிவு என்பதும் விதிக்குப் புறம்பானது. வேலை முடிந்த அன்றே இணைப்பை அனுப்பிக் கேளுங்கள், அது போதும்.

காசு கொடுத்துப் பதிவைப் பலருக்குக் காட்டும் பூஸ்ட் கடைசியில். விலையும் இலக்கமும் இல்லாத பதிவை இலங்கை முழுவதும் பரப்பினால் யாழ்ப்பாணத்திலிருந்து லைக் வரும், தயிர் போகாது. நகரத்தைச் சுற்றிய வட்டத்தை மட்டும் தெரிவு செய்யுங்கள்.

ஒரே செய்தியைப் பலருக்கும் ஒருமுறையில் அனுப்பும் வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் இலக்கத்தைத் தம் கைபேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் முதல் பொருளைக் கையில் கொடுக்கும்போதே "இலக்கத்தைச் சேமிச்சு வையுங்கோ" என்று சொல்லி, அவர் சேமிக்கும்வரை நில்லுங்கள். கூடவே "எங்களை எங்கே பார்த்தனீங்கள்?" என்று கேட்டு, பதிலைக் கொப்பியில் திகதியோடு குறியுங்கள். மூன்று மாதத்தில் ஒருவரைக்கூடக் கொண்டு வராத இடத்தில் பதிவு போடுவதை நிறுத்தி, அந்த நேரத்தைக் கேள்விக் கொப்பிக்குக் கொடுங்கள்.