ஆக்டிவ் டைரக்டரியை மைக்ரோசாஃப்ட் 365உடன் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்துக்குள் ஓடும் ஆக்டிவ் டைரக்டரியை (ஊழியர்களின் கணக்குகளை வைத்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் பட்டியல்) மைக்ரோசாஃப்ட் 365உடன் இணைக்க மைக்ரோசாஃப்ட் தருகிற கருவி என்ட்ரா கனெக்ட். 2023இல், 365 கணக்குகளைக் கிளவுடில் வைத்திருக்கும் ஏஷர் ஏடி என்பது என்ட்ரா ஐடி ஆனபோது, ஏஷர் ஏடி கனெக்ட் என்ற பழைய பெயரும் இப்படி மாறியது. இதை நிறுவுவது எளிது. எக்ஸ்பிரஸ் முறையைத் தேர்ந்தெடுத்தால் சில திரைகளில் வேலை முடிந்து, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை, அலுவலக டைரக்டரியின் விவரங்களைக் கிளவுடோடு பொருத்தும் ஒத்திசைவு தானாக ஓடத் தொடங்கிவிடும். இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் பலர் இதில் இறங்குகிறார்கள்.

இறங்குமுன் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். இணைத்த நிமிடத்திலிருந்து பயனரின் பெயர், மின்னஞ்சல் முகவரி, துறை, பதவி ஆகியவற்றின் மீதான அதிகாரம் உள்ளூர் டைரக்டரிக்குப் போய்விடுகிறது. கிளவுடில் இருப்பது அதன் பிரதி. 365 அட்மின் பக்கத்தில் அந்த விவரங்களைத் திருத்தப் போனால், உள்ளூரில் திருத்துங்கள் என்று பதில் வரும். அதிகாரம் இப்படிக் கைமாறுகிறது என்பதை யோசிக்காமல் வேலையைத் தொடங்குவதில்தான் கீழே வரும் தவறுகள் அத்தனையும் பிறக்கின்றன.

இணையம் அறியாத டொமைன் பெயர்

பழைய நிறுவனங்களில் உள்ளூர் டொமைன் '.லோக்கல்' என்று முடியும். ஒரு காலத்தில் அப்படி வைப்பதுதான் வழக்கம். இணையத்தில் அப்படி ஒரு டொமைனை யாரும் பதிவு செய்ய முடியாது என்பதால் 365 அதை ஏற்காது. மலர்விழி என்ற ஊழியரின் உள்நுழைவுப் பெயர் 'மலர்விழி@நிறுவனம்.லோக்கல்' என்று இருந்தால், கிளவுடில் அவர் 'மலர்விழி@நிறுவனம்.ஆன்மைக்ரோசாஃப்ட்.காம்' ஆகிவிடுவார். மறுநாள் காலை அவர் தன் வழக்கமான மின்னஞ்சல் முகவரியைத் தட்டி நுழையப் பார்ப்பார், முடியாது. நிறுவும்போதே கருவி இதை எச்சரிக்கிறது. ஆனால் பின்னொட்டுகள் (@ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) பொருந்தாவிட்டாலும் தொடரலாம் என்று ஒரு பெட்டியையும் வைத்திருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள் அதில் டிக் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இதற்காக டொமைன் பெயரையே மாற்றத் தேவையில்லை. நிறுவனத்தின் சொந்த இணைய டொமைனை 365இல் சேர்த்து, டிஎன்எஸ்ஸில் (இணைய டொமைன்களின் பதிவேடு) ஒரு டிஎக்ஸ்டி பதிவு, அதாவது ஒரு உரை வரி, போட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு 'ஆக்டிவ் டைரக்டரி டொமைன்ஸ் அண்ட் டிரஸ்ட்ஸ்' பகுதியில் அதையே மாற்று யூபிஎன் (மின்னஞ்சல் முகவரி வடிவில் இருக்கும் உள்நுழைவுப் பெயர்) பின்னொட்டாகச் சேர்த்து, பயனர்களின் யூபிஎன்னை அதற்கு மாற்றிவிடுங்கள். 'நிறுவனம்\மலர்விழி' என்ற பழைய முறையில் கணினிக்குள் நுழைகிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இதை இணைப்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒருவரின் ஒன்டிரைவ் முகவரிக்குள் அவருடைய யூபிஎன் இருக்கிறது. பின்னால் அதை மாற்றினால் அந்த முகவரியும் மாறும். சேமித்து வைத்த புக்மார்க்குகள் பிசகும்.

இந்தக் கட்டத்திலேயே ஐடிஃபிக்ஸ் என்ற இலவசக் கருவியையும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். தடை செய்யப்பட்ட குறிகள், முகவரியில் ஒளிந்திருக்கும் இடைவெளிகள், இரண்டு கணக்குகளில் இருக்கும் ஒரே முகவரி ஆகியவற்றைப் பட்டியல் போட்டுத் தரும். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் வருகிறது: ஓய்வுபெற்றவரின் முகவரியை அவர் இடத்துக்கு வந்தவருக்குக் கூடுதல் முகவரியாகக் கொடுத்திருப்பார்கள், பழைய கணக்கிலிருந்து அதை நீக்கியிருக்க மாட்டார்கள். உள்ளூரில் பல ஆண்டுகள் யாரையும் உறுத்தாமல் கிடந்த இந்த இரட்டைப் பதிவு, ஒத்திசைவின் முதல் நாளே பிழையாக வந்து நிற்கும்.

ஏற்கெனவே கிளவுடில் கணக்கு வைத்திருப்பவர்கள்

நிறைய நிறுவனங்கள் முதலில் 365 சந்தாவை வாங்கி, ஊழியர்களுக்குக் கையாலேயே கணக்குகளை உருவாக்கி, ஓரிரு ஆண்டு மின்னஞ்சலும் பயன்படுத்திய பிறகுதான் ஆக்டிவ் டைரக்டரியை இணைக்க நினைக்கின்றன. மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான்.

உள்ளூரிலிருந்து ஒரு பயனர் முதன்முறையாக மேலே வரும்போது, அவருக்கு உரிய கணக்கு அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று என்ட்ரா ஐடி தேடும். யூபிஎன் அல்லது முதன்மை மின்னஞ்சல் முகவரி ஒத்துப்போனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இதை சாஃப்ட் மேட்ச் என்கிறார்கள். முதன்மை முகவரி மட்டுமே இங்கே கணக்கு. கூடுதல் முகவரிகள் எத்தனை ஒத்துப்போனாலும் பயனில்லை. மலர்விழிக்குக் கிளவுடில் 'மலர்விழி' என்றும் உள்ளூரில் 'எஸ்.மலர்விழி' என்றும் முகவரி இருந்தால், இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று கருவி முடிவு செய்து இரண்டாவது கணக்கு ஒன்றை உருவாக்கிவிடும். ஓரிரு ஆண்டு மின்னஞ்சல் ஒரு கணக்கில், அலுவலகக் கடவுச்சொல் இன்னொரு கணக்கில் என்று அவர் இரண்டாகப் பிரிந்து நிற்பார். முகவரி பாதி ஒத்துப்போய் மோதலில் முடிந்தால், புதிய கணக்கின் பெயருக்குப் பின்னால் நான்கு இலக்க எண் ஒட்டிக்கொண்டு ஆன்மைக்ரோசாஃப்ட் முகவரியோடு வரும். அப்படிப்பட்ட பெயர் எதையாவது பட்டியலில் கண்டால் மோதல் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

பொருத்தம் சரியாக அமைந்தாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. ஒன்றான மறுகணம் உள்ளூர் விவரங்கள் கிளவுட் விவரங்களின் மேல் எழுதப்படுகின்றன. கூடுதல் மின்னஞ்சல் முகவரிகளை இதுவரை 365இல் மட்டும் சேர்த்துவந்திருந்தால், உள்ளூரில் அவை இல்லாத காரணத்தால் கிளவுடிலிருந்தும் காணாமல் போகும். வாடிக்கையாளர்கள் அந்த முகவரிகளுக்கு அனுப்பும் கடிதங்கள் திரும்பிப் போகும். கடவுச்சொல் ஒத்திசைவு இருந்தால் 365 கடவுச்சொல்லும் அலுவலகக் கடவுச்சொல்லாக மாறிவிடும். ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் அன்றைக்கு உதவி மையத்தின் தொலைபேசி ஓயாது. எனவே கிளவுடில் உள்ள முகவரிகளை முழுவதும் ஒரு கோப்பாக எடுத்து, உள்ளூர் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டு, உள்ளூரில் நிரப்பிய பிறகுதான் இணைக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஒன்றாக்கிய பிறகு இரண்டையும் பிணைத்து வைத்திருப்பது இம்யூட்டபிள் ஐடி. உள்ளூர் கணக்கின் 16 பைட் அடையாள எண்ணை எழுத்துகளாக மாற்றிய வடிவம் அது: 24 எழுத்துகள், கடைசி இரண்டும் சமக் குறிகள். உள்ளூரில் ஒரு கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிதாக உருவாக்கினால் மனிதக் கண்ணுக்கு அது அதே மலர்விழி. கருவிக்கு அவர் முற்றிலும் புதியவர். தவறுதலாக நீக்கிய கணக்கை மீட்கத்தான் வேண்டும், மறுபடி உருவாக்கக் கூடாது. உள்ளூரில் ஆக்டிவ் டைரக்டரியின் ரீசைக்கிள் பின் வசதியை இயக்கி வைத்திருந்தால் மீட்பது சில நிமிட வேலை.

எல்லோரையும் மேலே அனுப்புவது

எக்ஸ்பிரஸ் முறை டொமைனில் இருக்கிற எல்லா ஓயூக்களையும் (கணக்குகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவுகள்) எடுத்துக்கொள்ளும். காப்புப்பிரதி மென்பொருளுக்கான கணக்கு, பிரிண்டர் கணக்கு, சோதனைக்காக உருவாக்கி மறந்துபோன கணக்கு எல்லாம் மேலே போய்ச் சேரும். ஆகவே எக்ஸ்பிரஸ் வேண்டாம். கஸ்டம் முறையில் தேவையான ஓயூக்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதே திரைகளில் குழு அடிப்படையில் வடிகட்டும் வசதியும் இருக்கிறது. அது சிறிய முன்னோட்டத்துக்கு மட்டுமே. குழுவுக்குள் குழு இருந்தால் உள்ளே இருப்பவர்களை அது பார்க்காது; நிரந்தரமாக அதை வைத்துக்கொள்வதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதும் இல்லை.

ஓயூ அடிப்படையில் வடிகட்டும்போது மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. ஒத்திசைவு எல்லைக்குள் இருந்த கணக்கை எல்லைக்கு வெளியே நகர்த்தினால், கிளவுடில் அது நீக்கப்படும். வேலையை விட்டவர்களை 'முன்னாள் ஊழியர்கள்' என்ற ஓயூவுக்கு மாற்றுவது பல அலுவலகங்களில் நடைமுறை. அந்த ஓயூ தேர்வில் இல்லையென்றால், மாற்றிய அடுத்த சுழற்சியிலேயே அவருடைய கிளவுட் கணக்கும் அஞ்சல் பெட்டியும் நீக்கப்பட்ட பட்டியலுக்குப் போய்விடும். 30 நாட்களுக்குள் மீட்கலாம். வழக்கு, தணிக்கை என்று யாராவது அந்த அஞ்சலைக் கேட்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

இப்படித் தவறுதலாக மொத்தமாக அழிவதைத் தடுக்கக் கருவியில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: ஒரே சுழற்சியில் 500க்கு மேல் நீக்கங்கள் வந்தால் அது நின்றுவிடும். 200 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இந்த 500 எந்தப் பாதுகாப்பும் தராது. யாரோ ஒருவர் ஓயூ தேர்வில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் 200 கணக்குகளும் தடையின்றி நீக்கப்பட்டுவிடும். விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் இந்த வரம்பைக் குறைக்கலாம். சிறு நிறுவனங்கள் இதை 10 அல்லது 20 என்று வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. எப்போதாவது உண்மையிலேயே அதற்கு மேல் நீக்க வேண்டியிருந்தால் அன்றைக்கு மட்டும் தளர்த்திக்கொள்ளலாம்.

கடவுச்சொல் பற்றிய தப்பெண்ணங்கள்

"எங்கள் கடவுச்சொல் வெளியே போகக் கூடாது" என்று நிர்வாகம் ஹேஷ் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிடப்படும், திரும்பக் கடவுச்சொல்லாக மாற்ற முடியாத குறியீடு) ஒத்திசைவை மறுப்பது அடிக்கடி நடக்கிறது. வெளியே போவது கடவுச்சொல் அல்ல. உள்ளூரில் இருக்கும் எம்டி4 ஹேஷோடு ஒவ்வொரு பயனருக்கும் தனி சால்ட் (தற்செயலாக எடுத்த கூடுதல் எண்) சேர்த்து, அதை 1,000 சுற்றுகள் எஸ்எச்ஏ256 என்ற ஹேஷ் முறை வழியாக அரைத்த பிறகு கிடைப்பதுதான் போகிறது. மறுப்பவர்கள் பொதுவாக பாஸ்-த்ரூ முறைக்குப் போகிறார்கள். அதில் ஒவ்வொரு உள்நுழைவும் அலுவலகத்திலிருக்கும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள் மூலம் சரிபார்க்கப்படும். அலுவலகத்தின் இணைய இணைப்பு அறுந்தால் வெளியூரில் இருக்கும் விற்பனையாளர்கூட புதிதாக மின்னஞ்சலுக்குள் நுழைய முடியாது. பாஸ்-த்ரூதான் வேண்டும் என்றாலும் ஹேஷ் ஒத்திசைவையும் துணைக்கு இயக்கி வையுங்கள்.

ஹேஷ் ஒத்திசைவிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒப்பந்த ஊழியரின் கணக்கில் மார்ச் 31 என்று காலாவதித் தேதி போட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் 1 அன்று அவர் அலுவலகக் கணினிக்குள் நுழைய முடியாது. ஆனால் அந்தத் தேதி கிளவுடுக்குப் போவதே இல்லை. வீட்டிலிருந்து அவர் அவுட்லுக்கையும் டீம்ஸையும் தொடர்ந்து திறந்துகொண்டிருப்பார். கணக்கை முடக்கினால்தான் கிளவுடிலும் முடங்கும். காலாவதியான கணக்குகளைத் தினமும் முடக்குகிற சிறு ஸ்கிரிப்ட் ஒன்று கட்டாயம் தேவை. கடவுச்சொல் மாற்றம் இரண்டு நிமிடச் சுழற்சியில் மேலே போகும். கணக்கு முடக்கமோ அரை மணி நேரச் சுழற்சிக்குக் காத்திருக்கும். ஒருவரைப் பணிநீக்கம் செய்கிற நாளில் இந்த இடைவெளி பெரியது. அன்றைக்கு ஒத்திசைவைக் கையால் ஓட்டி, திறந்திருக்கும் அமர்வுகளையும் ரத்து செய்ய வேண்டும்.

ஒத்திசைவு சர்வரைச் சாதாரணமாக நினைப்பது

ஹேஷ்களைப் படிப்பதற்காக இந்தக் கருவியின் கணக்குக்கு டொமைனின் எல்லாக் கடவுச்சொல் ஹேஷ்களையும் எடுக்கும் உரிமை கொடுக்கப்படுகிறது. ஆகவே இது ஓடும் சர்வரைக் கைப்பற்றுவது, ஆக்டிவ் டைரக்டரியையே வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலரைக் கைப்பற்றுவதற்குச் சமம். ஆனால் பல இடங்களில் இதே சர்வரில்தான் பிரிண்டர் பகிர்வும் ஓடுகிறது, வெளி ஒப்பந்தக்காரர்களுக்கு ரிமோட் அனுமதியும் இருக்கிறது. ஸ்டார்ம்-0501 என்று மைக்ரோசாஃப்ட் பெயரிட்டிருக்கும் கும்பல் உள்ளூர் வலையமைப்பிலிருந்து கிளவுடுக்குத் தாவ இந்த ஒத்திசைவுக் கணக்குகளைப் பயன்படுத்தியதை அந்த நிறுவனமே 2024 செப்டம்பரில் விவரித்தது. 2025இல் வெளியான அடுத்த விவரிப்பில், ஒத்திசைக்கப்பட்ட ஒரு கணக்குக்கு குளோபல் அட்மின் அதிகாரம் (365 முழுவதையும் ஆளும் உரிமை) இருந்ததும், அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாததுமே வாசலாக அமைந்திருந்தது.

குளோபல் அட்மின் அதிகாரத்தை ஒத்திசைக்கப்பட்ட கணக்குக்குக் கொடுக்கவே கூடாது. அட்மின் கணக்குகள் கிளவுடிலேயே பிறந்தவையாக இருக்கட்டும். அவற்றில் இரண்டை ஆன்மைக்ரோசாஃப்ட் முகவரியில், அவசரத்துக்கென்று பூட்டி வையுங்கள்.

சர்வரைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரு 365 டெனன்ட்டுக்கு (ஒரு நிறுவனத்துக்கென்று 365இல் இருக்கும் தனி இடம்) ஒரே ஒரு சர்வர்தான் தரவை மேலே அனுப்பலாம். மாற்று சர்வர் வேண்டுமென்றால் அதை ஸ்டேஜிங் முறையில் வையுங்கள். அது எல்லாவற்றையும் படித்துக் கணக்கிடும், எதையும் அனுப்பாது. பெரிய மாற்றங்களை முதலில் அதில் செய்து, என்ன போகப்போகிறது என்று பார்த்துக்கொள்ளவும் அது உதவும். கருவியோடு வரும் ஒத்திசைவு விதிகளில் கை வைக்காதீர்கள். மாற்றம் தேவையென்றால் நகலெடுத்து அதில் செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த பதிப்புக்கு மாறும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். பதிப்பையும் கவனிக்க வேண்டும்: முதல் தலைமுறைப் பதிப்புகளுக்கான ஆதரவு 2022 ஆகஸ்ட் 31 அன்றே முடிந்துவிட்டது. பிழை அறிவிப்புகள் டெனன்ட்டின் தொழில்நுட்பத் தொடர்பு முகவரிக்குத்தான் வரும். அந்த முகவரியில் இருப்பவர் இன்னும் உங்கள் நிறுவனத்தில் வேலை செய்கிறாரா என்று இன்றே பாருங்கள்.

இணைப்பைத் துண்டிக்கும்போது

என்றைக்காவது உள்ளூர் டைரக்டரியே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள், கருவியை அன்இன்ஸ்டால் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். சர்வர் போனாலும் கிளவுட் கணக்குகள் 'உள்ளூரிலிருந்து வந்தவை' என்ற முத்திரையோடுதான் இருக்கும். திருத்தவும் முடியாது, திருத்த உள்ளூரும் இருக்காது. டெனன்ட் அளவில் ஒத்திசைவை நிறுத்தும் கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அது முழுதாக நிறைவேற 72 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் மனம் மாறித் திரும்ப இயக்க நினைத்தால் உடனே முடியாது. அதனால் சிறு பிழையைச் சரிசெய்வதற்காக இதை நிறுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். முறையாக நிறுத்தி முடித்தால் கணக்குகள் கிளவுடுக்கே சொந்தமாகிவிடும். ஹேஷ் ஒத்திசைவு இருந்தவர்கள் அதே கடவுச்சொல்லில் தொடரலாம். பாஸ்-த்ரூ மட்டும் வைத்திருந்தவர்கள் உள்நுழைவு முறையை முன்கூட்டியே மாற்றி, எல்லோருக்கும் புதிய கடவுச்சொல் கொடுக்க வேண்டியிருக்கும்.