முதுகெலும்புக்கு முன்பக்க ஆபரேஷன்: ரிட்ராக்டரை மாட்டுவதும் கழற்றுவதும்

என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் சிலர் கடலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரி வருகிறவர்கள். அவர்களுக்கு ஓ.டி. என்றால் முதலில் ஞாபகம் வருவது ஓல்டு டவுன், அதாவது கடலூரின் பழைய நகரம், ஆபரேஷன் தியேட்டர் அப்புறம்தான். அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

கீழ்முதுகு டிஸ்க்கை முன்பக்கமாகப் போய் எடுக்கும் கேஸில் நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். பெரும்பாலும் இடது பக்கமாக, குடலை அதன் உறையோடு சேர்த்து ஒதுக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். டிஸ்க்குக்கு முன்னால் கிடப்பவை பெரிய ரத்தக் குழாய்கள். அவற்றை மணிக்கணக்கில் அசையாமல் எந்தக் கையாலும் பிடிக்க முடியாது, அதற்குத்தான் ரிட்ராக்டர், அதாவது வெட்டை விரித்துப் பிடிக்கும் கருவி: டேபிளோடு பூட்டும் தாம்ப்சன், ஆம்னி-ட்ராக்ட், புக்வால்ட்டர் மாதிரியான சட்டங்கள்.

முதல் வேலை, நோயாளியை மூடும் துணியான ட்ரேப் போடுவதற்கு முன்பே, ரத்த ஓட்டத்தைத் திரையில் அலையாகக் காட்டும் ஆக்சிமீட்டரை இடது கால் கட்டைவிரலில் மாட்டச் சொல்வது. மறந்தால் பிறகு துணிக்குள் தலையை விட்டுத் தேட வேண்டும்.

ட்ரேப் போட்டதும் போஸ்ட், அதாவது சட்டத்தைத் தாங்கும் கம்பம். துணியின் மேலேயே டேபிளின் சைடு ரெயிலில் கிளாம்ப் வைத்து முறுக்குங்கள், ஆனால் டிஸ்க்குக்கு நேரே வேண்டாம், நெஞ்சுப் பக்கமாகத் தள்ளி. புதிதில் ஒரு தடவை நேரே நட்டுவிட்டேன். பக்கவாட்டுப் படத்துக்கு சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷின் வந்தபோது, திரையில் டிஸ்க் இருக்கவேண்டிய இடத்தில் கொழுத்த கறுப்புக் கம்பி! எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினோம். சர்ஜன் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பெரிய திட்டு.

அடுத்து, போஸ்டில் மாட்டும் ரிங். வெட்டுக்கு நடுவாக, வயிற்றில் படாமல். சரி, இனி பிளேடு. இது வெட்டும் பிளேடு அல்ல, குடலையும் குழாயையும் ஒதுக்கிப் பிடிக்கும் தகடு. எக்ஸ்ரே ஊடுருவும் ரகத்தை எடுத்து வையுங்கள், நீளம் இரண்டு மூன்று அளவில். குட்டையானதைப் போட்டால் குடல் அடியில் நழுவி வந்து எட்டிப் பார்க்கும். பிளேடை உட்காரவைப்பது சர்ஜன், அதை ரிங்கோடு இணைக்கும் ஆர்மைக் கோத்து இறுக்குவதுதான் நம் வேலை. இறுக்கும்போது பிளேடு நகரவே கூடாது.

எல்5-எஸ்1, அதாவது கீழ்முதுகின் கடைசி டிஸ்க் என்றால் குழாய்கள் மேலேயே கவட்டையாகப் பிரிந்துவிடும், பிளேடுகள் அந்தக் கவட்டைக்குள் உட்காரும். அதற்கு மேலே உள்ள எல்4-எல்5-இல் இடது பக்கக் குழாய்களையே வலப்பக்கம் இழுக்க வேண்டும். காலுக்குப் போகும் தமனி நசுங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கட்டைவிரல்தான். ஆக்சிமீட்டர் அலை படுத்துவிட்டால் கூச்சப்படாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிளேடைத் தளர்த்துவார்கள்.

கழற்றும்போதுதான் எனக்கு இன்றும் படபடப்பு. சிரை கிழிந்திருந்தாலும் பிளேடு அழுத்திக்கொண்டிருக்கும்வரை ஒரு சொட்டுகூட வெளியே தெரியாது. அதனால் ரத்தத்தை உறிஞ்சும் சக்ஷன், மடித்த காஸ், ரத்தக் குழாய்த் தையல் நூல் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றாக, சர்ஜன் சொன்ன பிறகு, மெதுவாக. கடைசி பிளேடு வந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்பார். அதுவரை ட்ரேயை நகர்த்தாதீர்கள்.