வெள்ளைச் சுவர் வீட்டில் நிழல் படம்

நிறைமாதத் தங்கையை நிழல் சூழ எடுக்க ஆசை. விளக்கு ஒன்றுதான் வைத்தேன், ஆனாலும் முகத்தின் மறுபாதி சாம்பலாகவே வந்தது. வெள்ளைச் சுவர்களில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து நிழலை நிரப்பிவிடுகிறது. விளக்கைக் குறைத்துப் பயனில்லை, முகமும் சேர்ந்து இருண்டுவிடும்.

நிழல் பக்கம், கன்னத்திலிருந்து இரண்டடியில் கறுப்புப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டேன். தாடைக்குக் கீழே நிழல் உடனே கெட்டியானது. என்னைக் கேட்டால், இன்னொரு விளக்கைவிட இந்தப் போர்வை மேல்.

அப்புறம் பின்சுவர். விளக்கிலிருந்து அவள் 3 அடி, சுவர் 12 அடி என்று இடம் மாற்றினோம். தூரம் நான்கு மடங்கு என்றால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்குதான். சுவர் தானாகக் கறுத்தது.

வெளிச்ச அளவைக் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ முறையில் விட்டால், அது இருட்டைப் பார்த்துப் படத்தை வெளுக்க வைக்கும். அதனால் அளவை நானே வைக்கும் மேனுவல் முறையில், நெற்றி வெளிச்சத்தை மட்டும் அளந்து எடுத்தேன்.