பண்ணைக்குட்டையில் மீன் குஞ்சு: சென்ட்டுக்கு எத்தனை விடலாம்?

ஓமலூர், மேச்சேரி பக்கம் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் கெண்டைக் குஞ்சு வளர்க்க வேண்டும் என்றால் முதலில் கேட்பது தீவனத்தைப் பற்றித்தான். எத்தனை குஞ்சு விடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். குட்டையைக் காயப்போடுவது, சுண்ணாம்பு தூவுவது, சாணம் கரைப்பது, விரால், ஜிலேபிக் கெண்டை போன்ற வேண்டாத மீன்களை ஒழிப்பது எல்லாம் முடிந்தது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. எந்த வயதுக் குஞ்சு?

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை வகைகளின் நுண்குஞ்சுகளை (பொரித்துச் சில நாளே ஆனவை) மண்குட்டையில் ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம் வரை விடுவார்கள். அதில் பாதிக்கு மேல் சாவது சாதாரணம். புதியவர்களுக்கு அது வேண்டாம். ஓர் அங்குல அளவுக்கு வந்த இளம் குஞ்சாக வாங்குங்கள். அதற்கு ஹெக்டேருக்கு 2 முதல் 3 லட்சம், அதாவது சென்ட்டுக்கு ஏறக்குறைய 800 முதல் 1,200. இரண்டு மூன்று மாதத்தில் விரலிகளாகிவிடும், அதாவது விரல் நீளக் குஞ்சுகளாகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு 800தான் என் கணக்கு.

2. தண்ணீரை அளங்கள், நிலத்தை அல்ல

பெரும்பாலும் கணக்கு தப்புவது இந்த இடத்தில்தான். கரைமட்டத்தில் 20 மீட்டருக்கு 20 மீட்டர் வெட்டிய குட்டையை 10 சென்ட் என்போம். கரை ஒன்றுக்கு ஒன்றரைச் சரிவு (ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே வரும்), தண்ணீர் கரைமட்டத்துக்கு அரை மீட்டர் கீழே என்றால் நீர்ப்பரப்பு 18.5 மீட்டருக்கு 18.5 மீட்டர்தான். அது எட்டரை சென்ட். சென்ட்டுக்கு 1,000 என்று விட்டால் இங்கேயே 1,500 குஞ்சு கூடுதலாகிவிடும்.

இன்னொன்று, குஞ்சு விட்ட நாளில் இருந்த நெருக்கம் அப்படியே இருக்காது. சேலத்துச் செம்மண் தண்ணீரை உறிஞ்சும், ஏப்ரல், மே மாதங்களில் போர்வெல் தண்ணீரும் இறங்கும். ஒன்றரை மீட்டர் ஆழம் 90 சென்டிமீட்டருக்கு வந்தால், சரிவுக் கரை என்பதால் தண்ணீர் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு குஞ்சுகூட சேர்க்காமலே நெருக்கம் இரண்டு மடங்கு! அதனால் கோடையில் குட்டை எவ்வளவு வற்றும் என்று பார்த்து, அந்தத் தண்ணீருக்கு ஏற்ப விடுங்கள்.

3. எண்ணி விடுவது

பை பையாக நம்பி விடாதீர்கள். சின்ன வடிகட்டி ஒன்றில் மூன்று முறை அள்ளி எண்ணி, சராசரி எடுத்து, அப்புறம் வடிகட்டிக் கணக்கில் விடலாம். முடிச்சில்லாத வலைதான் நல்லது, முடிச்சு வலை செதிலை உரித்துவிடும். பையைக் குட்டையில் கால் மணி நேரம் மிதக்கவிட்ட பிறகு திறங்கள்.

4. விடியற்காலையில் பாருங்கள்

இரவில் பாசியும் மீனும் சேர்ந்து தண்ணீரில் உள்ள உயிர்வளியை (ஆக்சிஜனை) எடுத்துக்கொள்ளும். விடியும்போது அது மிகக் குறைவாக இருக்கும். குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நெருக்கம் தாங்கவில்லை என்று பொருள். அன்று சாணமும் தீவனமும் நிறுத்துங்கள். போர்வெல் தண்ணீரில் உயிர்வளி குறைவு, அதனால் நேராகக் குழாயை உள்ளே விடாமல் உயரத்திலிருந்து கல்லில் அடித்துச் சிதறி விழும்படி விடுங்கள்.

5. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை

ஒரு கை வலை போட்டு எடுத்து டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். சராசரியைவிட, பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். நெருக்கமான குட்டையில் வலுத்தது தீவனத்தைப் பிடித்துக்கொள்ளும், மெலிந்தது அப்படியே நிற்கும். கடலைப் புண்ணாக்கும் தவிடும் கூட்டிப் போட்டால் சரியாகாது, மிச்சம் அழுகி அம்மோனியாதான் ஏறும். ஒரு பகுதியைப் பிடித்து வேறு குட்டைக்கு மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: ஆந்திராவில் வேண்டுமென்றே நெருக்கி வளர்க்கிறார்களே என்று ஆத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். அங்கே குஞ்சை மாதக்கணக்கில் குறுக்கி வைத்து, பிறகு பெரிய குட்டையில் தளர்வாக விடுவார்கள், அப்போது வேகமாக வளரும். மாற்றிவிட இரண்டாவது குட்டை இருந்தால்தான் அந்த முறை உதவும். ஒரே குட்டை வைத்திருப்பவர்கள் சென்ட்டுக்கு 800க்கு மேல் போக வேண்டாம்.